50 லட்சமா, 44 லட்சமா? ஆபர் லெட்டரை எக்செல்லில் போட்டுப் பாருங்கள்!

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். மெயில் பார்க்கிறீர்கள், படம் பார்க்கிறீர்கள், பிள்ளைகள் கேம்ஸ் ஆடுகிறார்கள். இந்த மாதம் அதே கம்ப்யூட்டரில் பல லட்ச ரூபாய் பெறுமானமுள்ள ஒரு வேலையைச் செய்யப் போகிறோம். பத்து, பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள சாஃப்ட்வேர் இன்ஜினீயர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அது மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். அவருக்கு இரண்டு கம்பெனிகளில் இருந்து ஆபர் லெட்டர் வந்திருக்கிறது. ஒன்றில் 50 லட்சம், இன்னொன்றில் 44 லட்சம். எதை எடுப்பது?

"இதில் என்ன சந்தேகம், 50 தான்!" என்று சொல்லிவிடாதீர்கள். ஜூனியர் வேலையில் சம்பளம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான். சீனியர் வேலையில் அது ஐந்தாறு எண்களின் கூட்டல். அந்த எண்கள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. சில வராமலே போகலாம்.

சி.டி.சி. என்றால் என்ன?

ஆபர் லெட்டரில் கொட்டை எழுத்தில் இருக்கும் தொகைக்குப் பெயர் சி.டி.சி. உங்களுக்காகக் கம்பெனி ஓர் ஆண்டில் செலவு செய்யும் மொத்தத் தொகை என்று பொருள். அது உங்கள் கைக்கு வரும் தொகை அல்ல. அதற்குள் இருப்பவை இவை:

1. நிலையான சம்பளம்: பேசிக், வீட்டு வாடகைப் படி, மற்ற படிகள். மாதா மாதம் நிச்சயமாக வருவது இது மட்டும்தான்.

2. கம்பெனி கட்டும் பி.எஃப்.: பெரும்பாலும் பேசிக்கில் 12 சதவீதம். சில கம்பெனிகள் 2014ல் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 ரூபாய் கட்டுகின்றன. பணம் உங்களுடையதுதான், ஆனால் இப்போது கைக்கு வராது. உங்கள் பங்காக இன்னொரு 12 சதவீதம் உங்கள் சம்பளத்தில் இருந்தும் பிடிப்பார்கள்.

3. கிராஜுவிட்டி: பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். பேசிக்கில் 4.81 சதவீதம் என்று சி.டி.சி.யில் சேர்த்துக் காட்டுவார்கள். நிரந்தர ஊழியருக்கு இது கிடைக்க ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். மூன்றாவது ஆண்டில் விலகினால் பூஜ்யம்.

4. குழு இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

5. வேரியபிள் பே அல்லது ஆண்டு போனஸ்: லெட்டரில் இருப்பது முழு இலக்கை எட்டினால் வரும் தொகை. கம்பெனிக்கு மோசமான ஆண்டு என்றால் பாதிதான் வரும்.

6. ஜாயினிங் போனஸ்: ஒரே ஒரு முறை. ஓர் ஆண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும்.

7. பங்குகள்: சீனியர் வேலையின் உண்மையான கதை இங்கேதான் இருக்கிறது.

பங்கு என்னும் புதிர்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகள் ஆர்.எஸ்.யு. என்ற பெயரில் பங்குகள் தருகின்றன. "48 லட்ச ரூபாய்க்குப் பங்கு" என்றால் சேர்ந்த நாளே 48 லட்சம் கிடைத்துவிடாது. பொதுவாக நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தருவார்கள். ஒவ்வொரு பகுதியும் உங்கள் கைக்கு வருவதை வெஸ்டிங் என்கிறார்கள்.

ஆண்டுக்கு 25 சதவீதம் என்பது ஒரு முறை. அமேசான் நெடுங்காலம் கையாண்டது வேறு முறை: முதல் ஆண்டு 5, இரண்டாம் ஆண்டு 15, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 40 சதவீதம். முன்பகுதியில் விழும் பள்ளத்தை நிரப்ப முதல் இரண்டு ஆண்டுகளும் ரொக்க போனஸ் தருவார்கள். ஆகவே ஆபர் வந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை லட்சத்துக்குப் பங்கு?" என்பதல்ல, "எந்த ஆண்டில் எத்தனை சதவீதம்?" என்பதுதான்.

வெஸ்டிங் நாளில் பங்கின் சந்தை விலை உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து, அதற்கு வருமான வரி பிடிக்கப்படும். வரிக்காகச் சில பங்குகளை விற்றுவிட்டு மீதியைத்தான் உங்கள் கணக்கில் வைப்பார்கள். அமெரிக்கக் கம்பெனியின் பங்கு என்றால், இந்தியாவில் வசிக்கும் நீங்கள் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையிலும் அதைக் காட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு நோட்டீஸ் வாங்குபவர்கள் உண்டு.

பட்டியலிடப்படாத சிறு கம்பெனிகள் தரும் பங்கு உரிமையை விற்கச் சந்தை கிடையாது. கம்பெனி பட்டியலில் ஏறினாலோ, யாராவது அதை வாங்கினாலோதான் பணம். அதுவரை அது காகிதம். உங்கள் கணக்கில் அதைப் பூஜ்யமாகவே போடுங்கள், வந்தால் லாபம்.

எக்செல்லைத் திறங்கள்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க்கை இலவசமாக டவுன்லோடு செய்து கொள்ளலாம், வேலை ஒன்றுதான்.

ஏ காலத்தில் மேலிருந்து கீழாக நான்கு வரிகள் டைப் செய்யுங்கள்: நிலையான சம்பளம், போனஸ், ஜாயினிங் போனஸ், பங்கு. பி, சி, டி, இ காலங்களின் தலையில் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு என்று எழுதுங்கள். எண்களை நிரப்பியபின் ஒவ்வொரு காலத்தின் அடியிலும் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். இரண்டாவது ஆபருக்கு இன்னொரு ஷீட்.

நம் உதாரணத்தைப் பாருங்கள். 50 லட்சம் ஆபரின் உள்ளே இருப்பது: நிலையான சம்பளம் 28.5 லட்சம் (அதில் பேசிக் 15 லட்சம்), பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் சேர்ந்து 2.8 லட்சம், போனஸ் 3.7 லட்சம், ஜாயினிங் போனஸ் 3 லட்சம், பங்கு 12 லட்சம். அந்த 12 லட்சம் என்பது 48 லட்சத்தை நான்கால் வகுத்துப் போட்ட எண். உண்மையில் வெஸ்டிங் 5, 15, 40, 40 என்ற கணக்கு.

44 லட்சம் ஆபரில்: நிலையான சம்பளம் 34 லட்சம் (பேசிக் 17 லட்சம்), பி.எஃப். வகையறா 3.2 லட்சம், போனஸ் 6.8 லட்சம். பங்கு கிடையாது, ஜாயினிங் போனஸும் கிடையாது.

பி.எஃப். வகையறா இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் விட்டுவிடலாம். சம்பள உயர்வு, வரி இரண்டையும்கூட இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். ஆட்டோசம் காட்டும் விடை இது (லட்ச ரூபாயில்):

50 லட்சம் ஆபர்: முதல் ஆண்டு 37.6, இரண்டாம் ஆண்டு 39.4, மூன்றாம் ஆண்டு 51.4, நான்காம் ஆண்டு 51.4. மொத்தம் 179.8.

44 லட்சம் ஆபர்: ஒவ்வோர் ஆண்டும் 40.8. மொத்தம் 163.2.

பார்த்தீர்களா? லெட்டரில் 50 என்று எழுதியிருந்தாலும் முதல் ஆண்டு வருவது 37.6 தான். முதல் இரண்டு ஆண்டுகளில் "சின்ன" ஆபர்தான் 4.6 லட்சம் அதிகம் தருகிறது. மூன்று ஆண்டுகளாவது தாக்குப்பிடித்தால் மட்டுமே "பெரிய" ஆபர் முந்துகிறது.

இன்னொரு சோதனை. பங்கு வரியில் உள்ள எண்களைப் பாதியாக மாற்றுங்கள். மொத்தம் தானாகவே மாறும். எக்செல்லின் அழகே அதுதான். பங்கு விலை பாதியாகச் சரிந்தால் நான்கு ஆண்டு மொத்தம் 155.8. இப்போது 44 லட்சம் ஆபர்தான் மேல்!

மாதக் கணக்கையும் பாருங்கள். பி.எஃப். பிடித்தம் போக, வரிக்கு முன், முதல் ஆபரில் மாதம் 2,22,500 ரூபாய்; இரண்டாவதில் 2,66,333 ரூபாய். சுமார் 44 ஆயிரம் வித்தியாசம். வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ. கட்டும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா? பங்கை வைத்து பேங்க் இ.எம்.ஐ. கட்ட முடியாது.

பணத்துக்கு முன் லெவலைக் கேளுங்கள்

பெரிய கம்பெனிகளில் ஒவ்வொரு இன்ஜினீயருக்கும் ஒரு லெவல் எண் உண்டு. கூகுளில் எல்5 என்றால் சீனியர், எல்6 என்றால் ஸ்டாஃப். மைக்ரோசாஃப்ட்டில் 63, 64 ஆகியவை சீனியர். அமேசானில் சீனியர் இன்ஜினீயர் எல்6. ஒரு கம்பெனியின் எல்6 இன்னொரு கம்பெனியின் எல்6க்குச் சமம் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு லெவலுக்கும் சம்பளத்துக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை உண்டு. எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் மேல் எல்லையைத் தாண்டுவது கடினம். லெவல் ஒன்று கூடினால் மேல் எல்லையே நகர்ந்துவிடும். ஆகவே இன்டர்வியூ நடக்கும்போதே, "எந்த லெவலுக்கு என்னைப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். ஆபர் வந்தபின் லெவலை மாற்றுவது சிரமம்.

சந்தை நிலவரம் அறிய

லெவல்ஸ் எஃப்ஒய்ஐ, கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் ஆகிய தளங்களில் கம்பெனி, ஊர், லெவல் வாரியாகச் சம்பளங்களைப் பார்க்கலாம். ஊழியர்கள் தாமாகத் தருபவை என்பதால் ஒன்றிரண்டு எண்ணை நம்பாமல் பத்து, பதினைந்து எண்களைப் பார்த்து நடுவில் இருப்பதை எடுத்துக் கொள்ளுங்கள். நம் ஊர் எண்ணா, அமெரிக்க எண்ணா என்பதையும் பாருங்கள்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2021 முதலும், கலிபோர்னியா 2023 முதலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள எல்லையை வெளியிட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கின்றன. பழைய சம்பளத்தைக் கேட்பதையும் கலிபோர்னியா 2018ல் தடை செய்தது. இந்தியாவில் அப்படித் தடை இல்லை. கடைசி மூன்று மாத பே-ஸ்லிப்பைக் கேட்பது இங்கே வழக்கம். ஆகவே பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பே-ஸ்லிப்பும் பாரம் 16ம் காட்டிக் கொடுத்துவிடும்; ஆபரே ரத்தாகலாம்.

எப்படிப் பேசுவது?

பேரம் பேச ஒரே ஒரு சரியான நேரம் உண்டு. ஆபர் கைக்கு வந்தபின், கையெழுத்துப் போடுமுன். அதற்கு முன்பு "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், "இந்த லெவலுக்கு உங்கள் எல்லை என்ன என்று சொல்லுங்கள், அதன்பின் பேசலாம்" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள்.

எதில் இடம் இருக்கும்? நிலையான சம்பளத்தில் ஓரளவு. ஜாயினிங் போனஸிலும் பங்கிலும் அதைவிட அதிகம். போனஸ் சதவீதமும் பி.எஃப். முறையும் கம்பெனி முழுவதற்கும் ஒன்றாக இருப்பதால் அவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"இன்னும் கொஞ்சம் கூட்டித் தாருங்கள்" என்றால் யாரும் தரமாட்டார்கள். எண்ணும் காரணமும் வேண்டும். நம் உதாரணத்தில் அனுப்ப வேண்டிய மெயிலின் சாரம் இது:

"உங்கள் ஆபருக்கு நன்றி. இந்த வேலையில் எனக்கு மிகுந்த விருப்பம். முதல் இரண்டு ஆண்டுகளில் பங்கு 20 சதவீதம் மட்டுமே வருவதால், என்னிடம் உள்ள மற்றோர் ஆபரைவிட இது 4.6 லட்சம் குறைகிறது. நிலையான சம்பளத்தை 30.5 லட்சமாக்கி, இரண்டாம் ஆண்டுக்கும் 3 லட்சம் போனஸ் தந்தால் உடனே கையெழுத்திடத் தயார்."

இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. கணக்கு மட்டுமே இருக்கிறது. எச்.ஆர். அதிகாரி தன் மேலிடத்தில் காட்டி அனுமதி வாங்க அவருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. மற்றோர் ஆபர் உண்மையில் இருந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள். லெட்டரைக் காட்டச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

அவர்கள் ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? எக்செல்லில் இரண்டு எண்களை மாற்றிப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டு மொத்தம் 84 லட்சம். மற்ற ஆபரின் 81.6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பங்கு விலை பாதியானாலும் நான்கு ஆண்டு மொத்தம் 166.8. இப்போது தைரியமாகச் சேரலாம். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நஷ்டம் இல்லை. எதை எடுப்பது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

கையெழுத்துக்கு முன் கவனிக்க

* போனில் சொன்னது எல்லாம் திருத்திய ஆபர் லெட்டரில் எழுத்தில் வந்திருக்கிறதா?

* பழைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ் என்றால், முன்கூட்டி விடுபடக் கட்ட வேண்டிய தொகையைப் புதிய கம்பெனி ஏற்குமா?

* பழைய கம்பெனியில் வெஸ்டிங் ஆகாத பங்குகள் எவ்வளவு போய்விடும்? அடுத்த மாதமே ஒரு பகுதி வர இருந்தால், சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள்.

* "டெபாசிட் கட்டினால் ஆபர் லெட்டர்" என்று மெயில் வந்தால் அது மோசடி. உடனே டெலிட் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. சம்பளக் கணக்கு உள்ள பைல் எல்லார் கண்ணிலும் படும்படி டெஸ்க்டாப்பில் கிடக்க வேண்டாம். எக்செல்லில் பைல் மெனுவில் இன்ஃபோ சென்று, புரொடெக்ட் ஒர்க்புக் என்பதைக் கிளிக் செய்தால் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு என்ற வரி தெரியும். அதில் பாஸ்வேர்டு கொடுத்து சேவ் செய்யுங்கள். பாஸ்வேர்டை மறந்தால் பைலைத் திறக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்!