நத்தமேடுகள் நாசமாகலாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் என்று பரந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில், கண்மாய்க் கரையை அடுத்துச் சீமைக்கருவேலம் மூடிய மேடுகளை வெறும் மண்திட்டு என்றெண்ணிக் கடந்துபோகிறவர்களே அதிகம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அத்தகைய நத்தமேடொன்றில், அதாவது முன்பு ஊர் இருந்து பாழான மேட்டில், ஏறிக் குனிந்து பார்த்தால், கழுவிவிட்டாற்போன்ற சிவப்புப் பானை விளிம்புகளும், சாம்பல் கலந்து வெளிறிய மண்ணும், தேய்ந்த அம்மியின் துண்டும் கண்ணில் படும். மண்சுவர் வீடு விழ, அதன்மீதே அடுத்த வீடு எழ, தலைமுறை தலைமுறையாக உயர்ந்த மேடு அது.

கண்மாய் உடைந்தோ, கொள்ளைநோய் கண்டோ, 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தைப்போல் மழை பொய்த்தோ, ஜனங்கள் ஊரைவிட்டு அகன்றார்கள். ஆனால் ஐயனாரை அவர்கள் விட்டுவிடவில்லை. எங்கெங்கோ சிதறிப்போன வம்சத்தார், மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வத்தைக் கும்பிட, வீடொன்றும் இல்லாத அந்தக் காட்டுக்கே இன்றும் வந்து பொங்கலிடுகிறார்கள்.

இங்கிலாந்திலும் 1348-49இன் கொள்ளைநோயாலும், உழவு நிலம் ஆட்டு மேய்ச்சலுக்குப் போனதாலும் பாழ்பட்ட ஊர்கள் ஏறக்குறைய மூவாயிரம். அவற்றுள் யார்க்‌ஷயரிலுள்ள வாரம் பெர்சி என்ற சிற்றூரை, இன்று கூரையிழந்த மாதாகோயில் நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கை, 1950 முதல் நாற்பது ஆண்டுகள் பொறுமையாக அகழ்ந்து, ஏழைக் குடியானவன் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தான், என்ன உண்டான் என்பதை அறிந்தார்கள். அங்கே பொன்னும் மணியும் தேடவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம்முடைய உற்சாகமோ ஈராயிரம் ஆண்டுப் பழமையில்தான். கீழடியும், 2022இல் தோண்டத் தொடங்கிய வெம்பக்கோட்டையும் நமக்குப் பெருமையே. எனினும் பாண்டியர் காலத்துக் குடியானவனின் வீட்டைத் தேடுவோர் அரியர். பள்ளிமடம் முதலிய ஊர்க் கோயில்களின் சாசனங்கள் விளக்குக்கு ஆடு விட்டவனைச் சொல்லும். அந்த ஆட்டை மேய்த்தவனின் அடுப்பு எங்கிருந்தது என்று சொல்லா. அதைச் சொல்லக்கூடியது இந்த மேடு ஒன்றுதான்.

அந்த மேட்டைத்தான் இப்போது மண் அள்ளும் எந்திரம் தின்கிறது. முன்னாளில் உரத்துக்காக வண்டி வண்டியாக எடுத்தபோது ஒரு மூலை குறைந்தது. இன்று சாலைக்கும் செங்கல் சூளைக்குமாக முழு ஊரும் ஒரே பகலில் லாரியேறிவிடுகிறது. குடிதண்ணீருக்கே தவிக்கும் சீமையில் பாழூர் ஆராய்ச்சி எதற்கு என்பாரும் உளர். தோண்டச் சொல்லவில்லை, மண்ணெடுக்க அனுமதிச் சீட்டு எழுதுமுன் அந்தப் புல எண் பழைய நத்தமா என்று கிராம வரைபடத்தில் பார்த்து, ஆமெனில் மறுத்துவிட்டால் போதும் என்கிறேன்.