தெற்கே பார்த்த ரேடியோ

கீழவாஞ்சூரில் நின்றால் கிழக்கே வங்கக்கடல், தெற்கே கொஞ்ச தூரத்தில் நாகூர். காரைக்கால் மாவட்டம் இங்கே முடிந்து நாகப்பட்டினம் மாவட்டம் தொடங்குகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இன்று இந்த ஊர் என்றால் துறைமுகம். எனக்கோ இந்தக் கரை பழைய திரைப்பாட்டோடு சேர்ந்தது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி மெட்டமைத்து, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடி, இலங்கை வானொலி ஒலிபரப்பிய காலத்தில், அந்தப் பாட்டுகளைக் கேட்க இது தோதான இடமாக இருந்தது. அதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது.

கொழும்பும் கீழவாஞ்சூரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 79.8 பாகையை ஒட்டி இருக்கின்றன. இங்கிருந்து நேர் தெற்கே சுமார் 430 கிலோமீட்டர் போனால் கொழும்பு. சென்னையோ 250 கிலோமீட்டர்தான். திருச்சி அதைவிடப் பக்கம். அங்கே வானொலி நிலையம் 1939லேயே வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு நிலையங்கள் இருக்க, காது ஏன் கொழும்புக்குப் போனது?

முதல் காரணம் டில்லியில் பிறந்தது. 1952ல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது அருகிப்போனது. உலகப்போரின்போது நேசப்படையினருக்காக அமைத்த ஒலிபரப்பு வசதிகள் அதற்குள் இலங்கையின் கைக்கு வந்திருந்தன. 1950ல் வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியிருந்தது. இந்தியாவில் விவித்பாரதி வந்தபோது 1957 ஆகிவிட்டது. அதற்குள் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் உறவுக்காரர் குரலாகிவிட்டது. பின்னால் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் வந்தார்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு வளர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், முகம் மாறிவிடும்.

இரண்டாவது காரணம் கடல். மீடியம் வேவ் அலைகள் பகலில் பெரும்பாலும் தரையை ஒட்டியே பயணிக்கின்றன. போகிற வழியெல்லாம் மண்ணில் சிறுசிறு மின்னோட்டங்களைத் தூண்டிவிட்டு, தம் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கின்றன. மண் எவ்வளவு மோசமான கடத்தியோ அவ்வளவு இழப்பு. கடல்நீர் உலர்ந்த மண்ணைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும், உப்பின் உபயம். ஆகவே நீர்மேல் வருகிற அலை அதிகம் களைப்பதில்லை. கொழும்பிலிருந்து வடக்கே கோடு இழுத்தால் அது புத்தளம் கரையை ஒட்டி வந்து, மன்னார் வளைகுடாவின் ஓரத்தையும் பாக்கு நீரிணையையும் தாண்டி, கோடியக்கரையில் ஏறி, ஈரவயல் வழியாக இங்கே வந்துசேரும். வழியில் ஏறக்குறைய பாதி உப்புநீர்.

இன்னொரு விந்தையைக் கையாலேயே கண்டுகொண்டார்கள் நம்மவர்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தால் உள்ளே கருப்பாக ஒரு ஃபெரைட் கம்பி இருக்கும், நீளவாக்கில் கிடக்கும். அதன்மேல் நூலைவிட மெல்லிய செப்புக்கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மீடியம் வேவுக்கு ஏரியல் அதுதான். வெளியே இழுத்துவிடுகிற பளபளப்பான குச்சி சிற்றலைக்கு. ஃபெரைட் கம்பி அலையின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. அந்தப் புலமோ அலை வரும் திசைக்குக் குறுக்கே கிடக்கும். எனவே தெற்கிலிருந்து வரும் கொழும்புக்குக் கம்பி கிழக்கு மேற்காகக் கிடக்கவேண்டும், அதாவது ரேடியோவின் முகம் தெற்கையோ வடக்கையோ பார்க்கவேண்டும். கால் வட்டம் திருப்பினால் பாட்டு நைந்துவிடும். திண்ணையில் ரேடியோவை வைத்துவிட்டு, “இந்தப் பக்கம் திருப்பு, இன்னும் கொஞ்சம், அப்படியே விடு” என்று சொன்னவர்களுக்கு மின்காந்தவியல் தெரியாது. ஆனால் சரியான கோணம் தெரியும்.

இரவில் கதை மாறும். 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் உண்டாகும் ஓர் அயனி அடுக்கு பகலில் மேலே போகும் அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கலைகிறது. அலைகள் அதைக் கடந்து, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்து அடுக்கில் பட்டுத் திரும்புகின்றன. அப்போது ஒரே பாட்டு இரண்டு வழியாக வரும்: தரைவழி 430 கிலோமீட்டர், வான்வழி ஏறக்குறைய 475. இரண்டும் ஒத்துப் போனால் ஒலி பொங்கும், முரண்பட்டால் மங்கும். 300 மீட்டர் நீளமுள்ள அலைக்கு மேலடுக்கு 180 மீட்டர் போல ஏறி இறங்கினாலே போதும், பொங்கியது மங்கிவிடும். பல்லவி தெளிவாக வந்து, சரணம் எங்கோ போய், மறுபடி பல்லவி பக்கத்தில் வந்து நின்றதெல்லாம் அதனால்தான்.

சரி, வந்துசேர்ந்தது என்ன? மீடியம் வேவ் ஒரு குறுகிய மதகு. அதில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் நுழையாது. சின்ன ஸ்பீக்கரோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேசவே திணறும். ஆண்குரலின் அடிச்சுருதியில் ஒரு பகுதி அதற்கும் கீழே இருக்கிறது. அப்படியானால் டி.எம்.எஸ். குரலின் கனம் எப்படிக் கேட்டது? அதைச் செய்தது நம் மூளை. ஒரு சுருதியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகள் காதில் விழுந்தால், விழாத அடிச்சுருதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. 1840களில் ஸீபெக் என்ற ஜெர்மானியர் சைரன்களை வைத்து இதைக் கவனித்தார். கையகல ரேடியோவில் கேட்ட அந்தக் கார்வையில் பாதி நாமே பாடியது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் மேதைமை இந்த இடத்தில்தான் எனக்குப் புலப்படுகிறது. 1952ல் ‘பணம்’ தொடங்கி 1965ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை இருவரும் சேர்ந்து செய்த பாட்டுகள் பல தடங்களாகப் பிரித்துப் பதிந்தவை அல்ல. பாடுபவரும் வாசிப்பவர்களும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில். மைக்குகள் சில. யார் எவ்வளவு தள்ளி உட்காருகிறார் என்பதே ஒலிக்கலவை. ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ராமமூர்த்தி வயலின் கலைஞர். வயலின், புல்லாங்குழல், அக்கார்டியன் எல்லாம் அந்த மதகில் தாராளமாக நுழையும் வாத்தியங்கள். குரல் பேசும்போது அவை ஒதுங்கும், குரல் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் தலைகாட்டும். எனவே வழியில் எவ்வளவு உதிர்ந்தாலும் பாட்டின் உயிர் உதிரவில்லை. இன்றைய இசையை அதே ரேடியோவில் கேட்டால் பாதி காணாமல் போகும். இது என் ரசனை சொல்வது மட்டுமல்ல, அதிர்வெண் கணக்கும் அதைத்தான் சொல்லும்.

நாகூரின் இ.எம். ஹனிபாவை (1925 - 2015) விட்டுவிட்டு இந்தக் கரையின் பாட்டைப் பேசமுடியாது. ‘பாவ மன்னிப்பு’ (1961) படத்தில் டி.எம்.எஸ்.ஸுடன் சேர்ந்து பாடியவர், இசை அதே இரட்டையர். ஆனால் ஹனிபாவின் அரங்கம் சினிமாவைவிடக் கல்யாணவீட்டுக் குழாய் ஸ்பீக்கரும் கட்சி மேடையும்தான். மனிதக் காதின் துளை சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். அந்த நீளத்துக்கு 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி உள்ளே ஒத்ததிர்ந்து பெருகும். உச்சஸ்தாயியில் உரத்துப் பாடும்போது குரல்நாண்கள் விசையோடு மூடி, அதே பகுதியில் ஆற்றலைக் கொட்டுகின்றன. குழாய் ஸ்பீக்கரும் நன்றாகக் கடத்துவது அந்தப் பகுதியைத்தான். குரல், குழாய், காது மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நாகூர்ப் பக்கமிருந்து காற்று வீசும்போது சொல் சிதையாமல் வந்தது அதனால்.

இப்போது காரைக்கால் பண்பலை 100.3ல் ஒலிக்கிறது. 15,000 ஹெர்ட்ஸ் வரை தடையில்லாமல் வரும், மேலடுக்கு எதுவும் அதைத் திருப்பி அனுப்பாது. பண்பலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் போகமுடியாது. ஆனாலும் குளிர்ந்த கடற்காற்றின்மேல் வெப்பக்காற்று போர்த்திக்கொள்ளும் இரவுகளில் இடையே ஒரு குழாய்ப்பாதை உண்டாகி, அலைகளை வளைத்து நீரோடு நீராக இழுத்துவரும். யாழ்ப்பாணம் இங்கிருந்து 130 கிலோமீட்டர்தான். அப்படிப்பட்ட இரவில் கைபேசியில் இயர்போனைச் செருகி (அந்த ஒயர்தான் ஏரியல்) எண்களை மெல்லத் தள்ளிக்கொண்டே போனால், இலங்கை நிலையம் ஒன்றில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாட்டு அகப்படலாம்.