விருந்தாளிக்கு மதுரையைக் காட்டுவது எப்படி?

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களை வண்டியில் ஏற்றி, ஒரே நாளில் அழகர்கோவில், திருப்பரங்குன்றம், தெப்பக்குளம் என்று மூச்சுவாங்க வைப்பது மதுரையில் வழக்கம். அதைவிட அவர்களை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி நடக்கவைப்பதே மேல். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த வீதிகளில்தான் இந்த ஊர் பிடிபடும். நேர வித்தியாசத்தால் விடியற்காலையிலேயே விழித்துக்கொள்பவர்களுக்கு, வெயில் ஏறுமுன் நடப்பது தோதும்கூட. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அப்போது போய் நிற்பது வீண்.

வயதானவர்கள் நடப்பார்களா, வந்ததற்கு நாலு இடம் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் வண்டியிலும் பாதி நேரம் நெரிசலில்தான் போகும். 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால், கோயிலிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்தான். அந்தப் பருத்த தூண்களைச் சுற்றி வளைக்க எத்தனை பேர் கைகோக்க வேண்டும் என்று பிள்ளைகள் கணக்குப் போடட்டும். இரவு ஒன்பது மணிவாக்கில், சுந்தரேசுவரர் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருள்வதைக் காட்டுங்கள். உள்ளே கைப்பேசிக்கு அனுமதியில்லை. படம் எடுக்க முடியவில்லையே என்று முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். வெளியே வந்ததும் சூடாக ஒரு டம்ளர் பருத்திப்பால். ஜிகர்தண்டா மறுநாள் பகலுக்கு.