அழத் தெரியாத பிள்ளைக்காக யார் கேட்பது?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் அழவே தெம்பில்லாமல் பிறக்கும் பிள்ளை என்ன செய்யும்? கையும் காலும் துணி போலத் துவண்டு, மார்பைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடக்கும் பிள்ளைக்காக யார் அழுவது? தாயும் தகப்பனும்தான் அழவேண்டும். வீட்டு மூலையில் உட்கார்ந்து அழச் சொல்லவில்லை, தாய்மார்களே. டாக்டர் முன்னால் நின்று வாய் திறந்து கேட்கச் சொல்கிறோம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று தாய்க்குத்தான் முதலில் தெரியும். பாட்டி சொல்லுவார்: "உன் புருஷனும் சின்னதுல இப்படித்தான் இருந்தான். தன்னால சரியாப்போயிடும், பேசாம இரு." பக்கத்து வீட்டு அக்கா, "யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்பார். மாமியார் மருமகளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். இப்படியே மூன்று மாதம் ஓடிவிடும். சில நோய்களில் அந்த மூன்று மாதத்துக்குள் பிள்ளையின் மூளை கெட்டுவிடும் என்பதை மறவாதீர்கள்.

இது யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை. நம் உடம்பு எப்படி வேலை செய்யவேண்டும் என்ற குறிப்புகள் மரபணுக்களில் இருக்கின்றன. கிராணியார் செக்ரோலை இரண்டு பிரதி எழுதி வைப்பதுபோல், ஒவ்வொரு குறிப்பும் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று தாயிடமிருந்து வருவது, மற்றது தகப்பனிடமிருந்து வருவது. ஒரு பிரதியில் பிழை இருந்தால் மற்றது காப்பாற்றிவிடும். ஆகவேதான் பிழையைச் சுமந்துகொண்டே பலர் சுகமாக வாழ்கிறார்கள். தாய் தகப்பன் இருவரிடமும் அதே வரியில் பிழை இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளை நோயோடு பிறக்க வாய்ப்புண்டு. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது இருவருக்கும் ஒரே பாட்டன் பாட்டியின் பிழை வந்து சேர இடம் அதிகம்.

எல்லா நோயும் இந்த வழியில் வருவதில்லை. டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாயின் வயது கூடக்கூட வாய்ப்புக் கூடும். ஆனால் இளந்தாய்மார்களுக்கும் அப்படிப் பிள்ளை பிறக்கிறது. கிரகணத்தில் வெளியே போனதாலோ, மருமகள் வந்த நேரத்தாலோ எந்த மரபணுவும் மாறுவதில்லை.

கேட்டுப் பலன் உண்டா?

உண்டு. நார்வே நாட்டில் போர்னி எகலாண்ட் என்ற தாய்க்கு இரண்டு பிள்ளைகள். இரண்டுக்கும் மூளை வளர்ச்சியில்லை. பிள்ளைகளின் சிறுநீரில் ஒரு விநோத வாடை வீசுவதை அந்தத் தாய் கவனித்தார். டாக்டர் டாக்டராகப் போய்க் கேட்டார். பலர் காது கொடுக்கவில்லை. கடைசியில் ஃபோலிங் என்ற டாக்டர் அந்தச் சிறுநீரைச் சோதித்து, 1934-இல் நோயைக் கண்டுபிடித்தார். உணவில் உள்ள புரதத்தின் ஒரு கூறை உடம்பு செரித்து மாற்ற முடியாமல், அது இரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கிறது. பி.கே.யு. என்று அதற்குப் பெயர்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது, வைத்தியம் கிடைக்கவில்லை. 1951-வாக்கில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஷீலா என்ற குழந்தைக்கு அதே நோய். "இதற்கு மருந்து கிடையாது" என்றார்கள். அவள் தாய் மேரி ஜோன்ஸ் விடவில்லை. ஆராய்ச்சிக்கூட வாசலில் வந்து நின்று, "என் பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று டாக்டர் பிக்கலை விடாமல் கேட்டார். அவர் தொந்தரவு தாங்காமலே டாக்டர்கள் அந்தக் கூறு குறைந்த தனி உணவு ஒன்றைத் தயாரித்தார்கள். துவண்டு கிடந்த ஷீலா தவழ்ந்தாள், எழுந்து நின்றாள். பிந்தி ஆரம்பித்ததால் அவளுக்கு முழுப் பலன் கிட்டவில்லை. ஆனால் பிறந்தவுடனேயே கண்டுபிடித்து அந்த உணவைக் கொடுத்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் வளரும் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி என்பவர், குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் அந்த நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தார். அவரும் மூளை வளர்ச்சி குன்றிய ஒரு பிள்ளையின் தகப்பன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை, நமக்கு எங்கே என்கிறீர்களா? டில்லிக்கு வாருங்கள். அங்கே ரிக்‌ஷா இழுத்துப் பிழைக்கும் ஒரு தகப்பன். கோஷே என்ற பரம்பரை நோய்க்கு ஏற்கனவே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மிஞ்சிய ஏழு வயது மகனுக்கும் அதே நோய். ஈரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு பெருத்துவிடும். உடம்பில் இல்லாத நொதியை ஊசிவழி ஏற்றினால் பிள்ளை பிழைக்கும். அதன் விலையோ ரிக்‌ஷாக்காரர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்டாது. அவர் உயர்நீதிமன்றம் போனார். அந்தப் பிள்ளைக்கு அரசாங்கம் இலவசமாக அந்த வைத்தியத்தைக் கொடுக்கவேண்டும் என்று 2014 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வசதியுள்ளவனுக்கு மட்டும்தான் உயிர் என்று இருக்கக்கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இரண்டு சோதனை செய்கிறார்கள். ஒன்று ஜி6பிடி குறைவு. இது இருந்தால் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கடுமையாக வரலாம். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையின் வாடைகூட அந்தப் பிள்ளைக்கு ஆகாது. இரத்தத்தை உடைத்துவிடும். மற்றது தைராய்டு சுரப்புக் குறைவு. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்றாலும், உடனே கண்டுபிடித்துத் தினம் மருந்து கொடுத்தால் மூளை காப்பாற்றப்படும். "என் பிள்ளையோட முடிவு என்ன?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயத்திலும் கோளாறு இருக்கும். "இந்தப் பிள்ளைக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்று யாராவது கேட்டால் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். இருதய ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சில ஓட்டைகளை முதல் ஆறு மாதத்துக்குள் அடைத்தாகவேண்டும். பிந்தினால் நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் கெட்டு, ஆபரேஷனே செய்ய முடியாமல் போய்விடும். நம் தலைநகரில் 1992-லிருந்து தேசிய இருதய நிலையம் இயங்குகிறது.

மரபணு நோய்களுக்கென்றே தனி டாக்டர்கள் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியிலும், லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து மோனோரயிலில் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கமும், எல்.ஆர்.டி.யில் யுனிவர்சிட்டி ஸ்டேஷனும் போகலாம். ஆனால் நேரே போய் நின்றால் பார்க்கமாட்டார்கள். சுகாதார கிளினிக் அல்லது கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி டாக்டரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைத்தான் நீங்கள் கேட்டு வாங்கவேண்டும்.

எப்போது உடனே ஓடவேண்டும்?

நன்றாக இருந்த சிசு இரண்டொரு நாளில் பால் குடிப்பதை நிறுத்தினால், ஓயாமல் வாந்தி எடுத்தால், எழுப்பியும் எழும்பாமல் தூங்கினால், வலிப்பு வந்தால், சிறுநீரிலோ வியர்வையிலோ வழக்கமில்லாத வாடை வீசினால், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வயிறு வீங்கிக்கொண்டே போனாலும், கற்றுக்கொண்டதை மறந்தாலும், தலை நிற்கவேண்டிய காலத்தில் நிற்காவிட்டாலும் தாமதிக்காதீர்கள். மந்திரிப்பதும் நேர்த்திக்கடனும் உங்கள் விருப்பம். ஆனால் டாக்டரைப் பார்த்த பிறகு அதைச் செய்யுங்கள்.

எப்படிக் கேட்பது?

1. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது, எவ்வளவு பால் குடித்தது, எந்த டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். வலிப்பு வந்தால் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள்.

2. சொந்தத்தில் கல்யாணமா, குடும்பத்தில் காரணம் தெரியாமல் செத்த பிள்ளை உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அது அவமானம் இல்லை. டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி.

3. நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: "நோயின் பெயர் என்ன? இது பரம்பரையாக வருமா? இப்போது என்ன செய்யலாம்? அடுத்து யாரிடம் போகவேண்டும்?" மலாயில் பேச வராவிட்டால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

4. பணமில்லை என்று திரும்பி வராதீர்கள். ஆஸ்பத்திரியில் உள்ள மருத்துவச் சமூகநல அதிகாரியைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர் வழியாக மனுச் செய்யலாம். பிள்ளைக்கு நிரந்தரக் குறை இருந்தால் சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை எடுங்கள்.

5. "ஒன்றும் செய்வதற்கில்லை" என்றாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். குணமாக்க முடியாத நோய்கள் உண்டு, அதை மறைப்பது தவறு. அப்போதும் பால் இறங்க வழி, வலி குறைய வழி, மூச்சு சுலபமாக வழி உண்டு. அதுவும் வைத்தியம்தான், அதுவும் பிள்ளையின் உரிமைதான்.

சேர்ந்து கேளுங்கள்

தனி ஆளாகப் போய்க் கேட்டால் சம்பளம் உயராது என்பது நமக்குத் தெரியும். நோயிலும் அப்படித்தான். நம் நாட்டில் 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோயை அரிய நோய் என்கிறார்கள். ஒவ்வொரு நோயிலும் ஆள் குறைவு, ஆகவே குரலும் சிறியது. அந்தக் குரல்களை ஒன்று சேர்க்க 2004-இல் மலேசிய அரிய நோயாளிகள் சங்கம் ஏற்பட்டது. அங்கே போனால் "எங்க பிள்ளைக்கும் இதேதான்" என்று சொல்லும் இன்னொரு தாயைப் பார்க்கலாம். அந்த ஒரு வார்த்தையில் பாதி பாரம் இறங்கும்.

நாலாம் பாரம் படிக்கும் பிள்ளைகளுக்கு 2016-லிருந்து தலசீமியா இரத்தச் சோதனை நடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து சம்மதப் பாரம் வந்தால் பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள். கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொண்டால் பின்னால் கண்ணீர் குறையும்.

தோட்டக் கமிட்டித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் லயத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தகப்பனுக்கு ஆஸ்பத்திரி நாளில் லீவு கிடைக்க மானேஜரிடம் பேசுங்கள். தாய்க்குத் துணையாக ஒருவரை அனுப்புங்கள். அழத் தெரியாத அந்தப் பிள்ளைக்காகத் தாய் கேட்கட்டும். தாயின் குரல் கம்மும்போது நாம் சேர்ந்து கேட்போம்.