தேரூர்பவர் யாவர்?

பண்டை இந்தியச் சிற்பங்களில் குதிரை பூண்ட தேர்கள் பல காணப்படுகின்றன. தேரினைக் காண்டல் எளிது. அதனை ஊர்பவர் இன்னார் எனத் துணிதல் அரிது. நான்கு குதிரைகளும் குடையும் கவரியும் வேந்தர்க்கும் உண்டு, தெய்வத்திற்கும் உண்டு. ஆகலின், ஊர்பவரை உணர்த்தும் அடையாளங்கள் யாவை என ஈண்டு ஆராய்வோம்.

பர்கூத்துத் தூபியை அலெக்சாண்டர் கன்னிங்காம் 1873இல் கண்டறிந்தார். அதன் வேலித் தூண்கள் பல கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் நான்கு குதிரைத் தேரில் ஒருவன் செல்கின்றான். பாகனும் குடை ஏந்துவோனும் கவரி வீசுவோனும் உடன் உளர். அவன் கோசல நாட்டு மன்னன் பசேனதி எனப் பிராமிப் பொறிப்பே கூறுதலின் ஐயத்திற்கு இடமின்று.

புத்தகயையின் கல்வேலியில் உள்ள தேருக்கும் குதிரைகள் நான்கே. பக்கத்திற்கு இரண்டாக அவை பாய்கின்றன. பெயர் பொறிக்கப்படவில்லை. எனினும், இருமருங்கும் வில் வளைத்து நிற்கும் மகளிர் இருளை ஓட்டும் வைகறை மகளிர் ஆதலின், ஊர்பவன் ஞாயிறே என்பது தெளிவு. இங்கு உடன்வருவோரின் செயலே சான்றாகின்றது.

சாஞ்சிப் பெருந்தூபியின் வடக்குத் தோரணத்துக் கீழ்விட்டத்தில் வேறொரு நெறியைக் காண்கிறோம். வெசந்தர இளவரசன் மனைவியோடும் மக்கள் இருவரோடும் தேரேறிச் செல்கின்றான். குதிரைகளையும், பின் தேரையும் ஈந்துவிட்டுக் கால்நடையாய்க் காடு நோக்குகின்றான். ஒரே குடும்பம் அடுத்தடுத்து வருதல் கொண்டு கதையும், கதை கொண்டு ஊர்பவனும் அறியப்படுகின்றனர்.

இனி, மகாராட்டிரத்துப் பாஜாக் குடைவரையை நோக்குவோம். அங்குள்ள விகாரை ஒன்றின் சுவரில் நான்கு குதிரைத் தேரில் ஒருவன் இரு மகளிரோடு வருகின்றான். ஒருத்தி குடை பிடிக்க, மற்றொருத்தி கவரி வீசுகின்றாள். தேரின் கீழ் பூத வடிவங்கள் நசுங்குகின்றன. இவ்வடிவங்களை இருள் எனக் கொண்டு, அவனை ஞாயிறு என்பார் பலர், மறுப்பாரும் உளர். பௌத்த இடத்தில் ஞாயிற்றுக்கு இடமில்லை எனும் மறுப்பு, புத்தகயைச் சான்றால் வலியிழக்கும். ஆயினும், அங்குள்ள வில் மகளிர் இங்கு இலர். இம்மகளிர் ஏந்துவன அரசச் சின்னங்களே. பெயர்ப் பொறிப்பும் இல்லை, தொடர்கதையும் துணியப்படவில்லை.

குதிரைகளின் எண்ணிக்கையும் முடிவு கூறாது. ஏழு குதிரைகள் ஞாயிற்றின் அடையாளமாக நிலைபெற்றது பிற்காலத்தே. 13ஆம் நூற்றாண்டுக் கோணார்க்கக் கோயில் அதற்குச் சான்று. பிற்கால வழக்கை முற்காலச் சிற்பத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று.

எனவே பொறிப்பு, உடன்வருவோர் செயல், கதைத் தொடர்ச்சி ஆகிய மூன்றனுள் ஒன்றேனும் தெளிவாய் அமைந்தாலன்றிப் பெயர் சூட்டுதல் தகாது. ஐயத்திற்குரிய பெயரை முடிந்த உண்மையாகக் கொண்டு, அதன்மேல் ஞாயிற்று வழிபாட்டின் வரலாற்றை எழுப்பின், அடித்தளமே ஐயத்திற்குரியதாகும். பாஜாச் சிற்பத்தானை இப்போதைக்குத் ‘தேரூர்வோன்’ என்றே குறித்தல் சாலும்.