கூஜாவுக்கு இருந்த பிடி

ரயில் பயணத்துக்குக் கூஜா எடுத்துப்போன தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பித்தளையிலோ எவர்சில்வரிலோ செய்த, வயிறு பருத்த பாத்திரம். மேலே திருகுமூடி. இரண்டு காதுகளில் மாட்டி முன்னும் பின்னும் சாயும் வளைந்த பிடி. தூக்கிக்கொண்டு நடந்தால் தண்ணீரின் பாரம் நேராகக் கைக்குக் கீழே தொங்கும். மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாது, விரல்கள் இறுக வேண்டியதில்லை. பெரிய மனிதர்களுக்குப் பின்னால் அதைச் சுமந்து போனவர்களால் ‘கூஜா தூக்கி’ என்று ஒரு ஏச்சும் பிறந்தது. அது பாத்திரத்தின் குற்றமில்லை.

இன்று அதே பயணத்தில் தோளில் ஒரு பை, கையில் 2 லிட்டர் பாட்டில். ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளை. விரல்களை முழுக்க விரித்தாலும் பாதிச் சுற்றைத்தான் பிடிக்க முடியும். குளிர்ந்த பாட்டிலாக இருந்தால் வேர்த்து வழுக்கும். கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியதில் பாட்டில் இலேசாயிற்று, கீழே விழுந்தாலும் உடையாததாயிற்று. ஆனால் பிடித்துத் தூக்குவதற்கு மட்டும் வசதி குறைந்துபோயிற்று. அந்தக் குறையைத் தீர்க்க, பாட்டிலில் மாட்டிக் கழற்றும் பிடி என்று ஒரு சின்னப் பொருள் இப்போது கடைகளில் தொங்குகிறது. பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அது எப்படி வேண்டியதாயிற்று என்று பார்த்தால் கதை நீளுகிறது.

நம் பழைய ஏனங்களைச் செய்தவர்கள் தூக்கும் ஆளை நினைத்துச் செய்தார்கள். பால் வாங்கப் போகும் தூக்குக்குப் பெயரே தூக்கு. குடத்துக்குப் பிடி கிடையாது என்று தோன்றும். அதன் கழுத்தே பிடிதான். இடுப்பில் வைத்து, கையைச் சுற்றிப் போட்டு, விளிம்புக்குக் கீழே அணைத்துக்கொண்டால் பாரம் இடுப்பு எலும்பில் இறங்கிவிடும். மண்குடம் போய்ப் பித்தளை வந்தது, பித்தளை போய்ப் பச்சையும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்டிக் குடம் வந்தது. வடிவம் மாறவில்லை. சென்னையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்ற குடங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுமக்கிற இடுப்பு மாறாததால் குடத்தின் இடுப்பும் மாறவில்லை.

சோடா பாட்டில் வேறு வழியில் வந்தது. 1870-களில் ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த கோலி அடைத்த பாட்டில், நம் ஊரில் கோலி சோடாவாகிப் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்ற உள்ளூர்க் கம்பெனிகளின் கலரும் கண்ணாடிப் பாட்டிலில்தான் வந்தது. அந்தப் பாட்டில்களுக்கும் பிடி இல்லை, தேவையும் இல்லை. ஒரு கையில் அடங்கும் அளவு, கடையிலேயே நின்று குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம். மொத்தமாகத் தூக்க வேண்டியவர் சைக்கிளில் வந்த சோடாக்காரர் ஒருவர்தான். அவருடைய மரப்பெட்டியில் இரண்டு பக்கமும் கை நுழைக்க இடம் வெட்டியிருக்கும். ஆக, பிடி அப்போதும் இருந்தது. பாட்டிலில் இல்லாமல் பெட்டியில் இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடியின் இடத்துக்குப் பிறகு வந்தது பெட் என்ற பிளாஸ்டிக். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் பொறியாளர் நதானியல் வயத், பெட் பாட்டிலுக்கு 1973-இல் காப்புரிமை பெற்றார். சலவைத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் இஞ்சிச் சோடாவை ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாராம். காலையில் பாட்டில் வீங்கிப்போய் நின்றதாம். வாயுவின் அழுத்தத்தைத் தாங்கும் பிளாஸ்டிக்கைத் தேடிப்போன அவர், பாலியெஸ்டர் துணிக்கும் மூலப்பொருளான பெட்டில் வந்து நின்றார்.

அந்தப் பாட்டில் உருவாகும் விதத்திலேயே பிடி தொலைந்துபோனது. முதலில் சோதனைக்குழாய் போல் தடித்த ஒரு குழாயை வார்க்கிறார்கள். ஆலையில் அதற்கு ப்ரீஃபார்ம் என்று பெயர். அதைச் சூடாக்கி, உள்ளே ஒரு கம்பியை விட்டு நீளவாக்கில் இழுத்து, அதே கணத்தில் காற்றை அடித்துப் பக்கவாட்டில் ஊதுகிறார்கள். இரண்டு திசையிலும் இழுபடும்போதுதான் அந்த மெல்லிய சுவருக்குப் பலம் வருகிறது. அமெரிக்கர்களின் ஒரு காலன் பால் ஜாடிக்கு இருக்கும் உட்குழிந்த பிடியை இந்த முறையில் கொண்டுவருவது மிகக் கடினம். பால் ஜாடி வேறு பிளாஸ்டிக். உருகிய குழாயாகத் தொங்கும்போதே அச்சு அதைக் கிள்ளி, கிள்ளிய இடத்தை ஒட்டவைத்துவிடும். இழுத்து விறைத்த பெட் அப்படி ஒட்டாது. போதாததற்குச் சோடாவின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். வட்டமாக இல்லாத எந்த மூலையையும் அது உப்பவைத்துவிடும். தொடக்க காலப் பெட் பாட்டில்களுக்கு அடிப்பாகம் அரைக்கோளமாகவே இருந்தது. நிற்கவைக்கக் கீழே தனியாக ஒரு கிண்ணத்தை மாட்டினார்கள். ஐந்து இதழ் கொண்ட பூவைப் போன்ற இன்றைய அடிப்பாகம் பிறகு வந்தது.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பாட்டிலின் மூடியைத் திறந்து, திருகு மரைக்குக் கீழே பாருங்கள். ஒரு வளையம் துருத்திக்கொண்டு நிற்கும். ஆலையில் அந்த வளையத்தைப் பற்றித்தான் இயந்திரம் பாட்டிலைத் தொங்கவிட்டு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிறது. அதாவது பாட்டிலுக்குப் பிடி இருக்கிறது. அது இயந்திரத்தின் கைக்கு. நம் கைக்கு என்று ஒன்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன். தோன்றியிருக்கும். கணக்கு இடம் கொடுத்திருக்காது. 28 மில்லிமீட்டர் வாயுள்ள பாட்டில்களின் கழுத்தைக் குட்டையாக்கி, பாட்டிலுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் பிளாஸ்டிக்கை மிச்சம் பிடித்த தொழில் இது. ஒரு கிராமைக் கோடிக்கணக்கான பாட்டில்களால் பெருக்கிப் பார்க்கிறவர்கள், அதைவிடப் பலமடங்கு எடையுள்ள பிடியைச் சும்மா மாட்டிக் கொடுப்பார்களா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் மூடி அங்கே நிலைத்தது. பிடிக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததாகத் தெரியவில்லை.

1990-களில் பன்னாட்டுக் குளிர்பானங்கள் இந்தியாவுக்குள் வந்து, பெரிய பாட்டில்கள் கல்யாண வீடுகளையும் பிறந்தநாள் விழாக்களையும் பிடித்தபோது, நமக்கு இந்தக் குறை உறைக்கவில்லை. கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். பையின் காதுதான் பாட்டிலின் பிடி. 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் அந்தப் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தையும் அரசு தொடங்கியது. தடை சரியானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பை எடுக்காமல் கடைக்குப் போனவர் பாட்டிலைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

5 லிட்டர் எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பெட் ஜாடியில் தனியாக வார்த்த பிடி ஒன்றைப் பொருத்தியே விற்கிறார்கள். கனத்தது எண்ணெய், வழுக்குவது எண்ணெய், நழுவினால் நஷ்டம் பெரிது. விலை கூடிய சரக்குக்குப் பிடி உண்டு, தண்ணீருக்குப் பெரும்பாலும் கிடையாது.

தண்ணீர் என்றால் 20 லிட்டர் கேன். அலுவலகத் தண்ணீர்க் குளிரூட்டியின் தலையில் கவிழ்த்து வைப்பதற்காக அமெரிக்காவில் உருவான ஐந்து காலன் பாட்டிலின் வாரிசு இது. குடத்தைப் போல இடுப்புக்கு என்று வளைந்ததில்லை. தோளில்தான் ஏற வேண்டும். தண்ணீர் மட்டும் 20 கிலோ, கேனின் எடை தனி. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பாரம் தூக்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் தோதாக இருந்தால், அதாவது இரண்டு கை, உடம்பை ஒட்டிய பாரம், திரும்பாத இடுப்பு, சரியான உயரம், நல்ல பிடி எல்லாம் இருந்தால், வரம்பு 23 கிலோ. பிடி மோசம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்கிறார்கள். மிஞ்சுவது 20.7 கிலோ. கேனையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள், வரம்பு அங்கேயே தீர்ந்துவிடும். நம் ஊர்க் கேன் தம்பிக்கு அதன்பிறகு மூன்று மாடிப் படி இருக்கிறது.

கேன் உடம்பிலேயே பிடி குழித்த வகையும் உண்டு. ஆனால் குழிவுக்குள் பிரஷ் போகாது, கழுவுவது சிரமம். திரும்பத் திரும்ப நிரப்பும் கேனுக்கு அது பெரிய குறை. அதனால்தான் மாட்டிக் கழற்றும் பிடிக்கு இங்கே நிஜமான வேலை இருக்கிறது. கேனின் கழுத்து விளிம்புக்குக் கீழே ஒரு வளையம் நுழைந்துகொள்ளும், மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. ஒரு கையில் ஒரு கேன் என்றால் உடம்பு ஒரு பக்கம் சாயும் என்பது உண்மை. இரண்டு கைக்கும் இரண்டு கேன் என்றால் சமன். கேனைக் கவிழ்க்காமலே தண்ணீர் எடுக்கும், சார்ஜ் செய்து பயன்படுத்தும் பம்ப் வந்தபிறகு, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் கேனைத் தலைகீழாக்கும் வேலை போயிற்று. தரையோடு இழுத்து வைக்க ஒரு பிடி கிடைத்தாலே அவர்களுக்குப் போதும்.

பிடியை வடிவமைப்பது சுலபமான வேலையாகத் தோன்றும். செய்து பார்க்கிறவர்களுக்குத்தான் அதன் முரண்டு தெரியும். 2 லிட்டர் பாட்டிலுக்கு இரண்டு வேலை: தூக்க வேண்டும், ஊற்றவும் வேண்டும். கழுத்தில் மட்டும் மாட்டும் பிடி நன்றாகத் தூக்கும், ஊற்றும்போது பாட்டில் ஊசலாடும். இடுப்பைச் சுற்றிப் பட்டை போட்டால் ஊற்ற வசதி. ஆனால் மூடியைத் திறந்ததும் வாயு போய்ச் சுவர் தளர்ந்துவிடும், பட்டை கீழே நழுவும். கழுத்து வளையத்தில் ஒரு பற்று, இடுப்பில் ஒரு பட்டை, இரண்டையும் இணைக்கும் ஒரு வளைவு என்று ஜாடியின் காதைப் போலச் செய்வதே உருப்படியான வழி. இடுப்பின் வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கழுத்து அவ்வளவாக மாறாது. அதனால் பாரத்தைக் கழுத்தில் ஏற்றி, பட்டையை வெறும் துணையாக வைப்பவர் பிழைப்பார். கையின் அளவுக்கும் நியோஷ் கணக்கு உண்டு: பிடியின் தடிமன் 1.9-இலிருந்து 3.8 சென்டிமீட்டர், நீளம் குறைந்தது 11.5, விரல் நுழைய இடைவெளி 5. கடையில் தொங்கும் மலிவான பிடிகளில் பெரும்பாலும் நாலு விரலுக்கும் இடம் இருக்காது. நீண்ட நேரம் பாரம் தொங்கினால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நெகிழும் என்பதையும் அவற்றைச் செய்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

முன்பு இப்படி ஒரு யோசனை வந்தால், அம்பத்தூரிலோ கோவையிலோ ஒரு டை மேக்கரைத் தேடிப்போக வேண்டும். எஃகு அச்சுக்கு லட்சங்கள் ஆகும், ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்டது திரும்பும். மூட்டுவாதம் வந்த ஒரு பாட்டியின் கைக்கென்று யாரும் அச்சு வெட்டமாட்டார்கள். அந்த நிலையை முப்பரிமாண அச்சு மாற்றியது. 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் அந்த அச்சு இயந்திரங்களுக்கான ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கினார். அந்த அச்சு முறையின் அடிப்படைக் காப்புரிமை ஒன்று 2009-இல் காலாவதியானது. மேசைமேல் வைக்கும் இயந்திரங்கள் அதன்பிறகு மலிந்தன. இன்று ஒரு கல்லூரி மாணவி வெர்னியரால் கழுத்தை அளந்து, கணினியில் வரைந்து, இரவில் அச்சுக்குப் போட்டுக் காலையில் பிடியை எடுக்க முடிகிறது. பாட்டியின் கைக்குச் சிறிதாக இருந்தால் மறுநாள் வேறொன்று. ஆனாலும் பழைய பட்டறைப் பாடம் விடாது. அச்சு அடுக்கடுக்காக ஏறுவதால், பாரம் அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இழுத்தால் பிடி பிளந்துவிடும். படுக்கவைத்து அச்சிட வேண்டும். பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் அதை வைத்தால் கோணிப்போகும்.

2 லிட்டர் பாட்டிலுக்குப் பிடியைக் கம்பெனியே ஒட்டித்தரக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் ஓரிரு வாரத்தில் குப்பைக்குப் போய்விடும், அதோடு பிடியும் போகும். வீட்டில் ஒரே ஒரு பிடியை வைத்துக்கொண்டு வருகிற பாட்டிலுக்கெல்லாம் மாட்டுவதே நியாயம். கேன் விஷயம் வேறு. அது திரும்பத் திரும்ப வந்து போகிற சாமான், அதைச் சுமப்பவர் கூலிக்குச் சுமக்கிறார். அவருக்கான பிடியை வாடிக்கையாளர் வாங்க வேண்டியதில்லை, தண்ணீர் விற்கிற நிறுவனம் வாங்கித்தர வேண்டும். ஆளுக்கு இரண்டு பிடி, தேய்ந்தால் மாற்றம், அவ்வளவுதான் செலவு. உங்கள் வீட்டுக்குக் கேன் போடுகிறவரிடம் பிடி இல்லையென்றால், அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போது அந்த முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.