ஆங்கில மரபுத்தொடர்கள்: சொல்லும் பொருளும்

1951ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தின் இறுதியில், கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரித்தானியப் படையின் 29ஆம் பிரிகேட் சீனப் படையின் பெருந்தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதன் தளபதி பிரிகேடியர் பிரோடி, தமக்கு மேலதிகாரியாக விளங்கிய அமெரிக்கத் தளபதிக்கு நிலைமையை அறிவித்தார். அவர் கூறிய சொற்களை அப்படியே தமிழில் பெயர்த்தால், "நிலைமை சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கிறது" என்று வரும். ஆங்கிலேய அதிகாரியின் வாயில் அத்தொடருக்கு, "பேராபத்தில் இருக்கிறோம்" என்பது பொருள். துன்பத்தைக் குறைத்துச் சொல்வது அவர்கள் வழக்கம். கேட்டவரோ, "சிறிது தொல்லை, ஆயினும் சமாளிக்கலாம்" என்று பொருள்கொண்டார். உதவிப்படையும் வரவில்லை, பின்வாங்க உத்தரவும் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்று அப்போரைப் பற்றி எழுதியோர் கூறுவர். குன்றொன்றில் சூழப்பட்டு நின்ற குளொஸ்டர்ஷயர் படைப்பிரிவினருட் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர்.

பேசியவர் ஆங்கிலேயர்; கேட்டவர் அமெரிக்கர். இருவருக்கும் தாய்மொழி ஒன்றே. அவ்வாறிருந்தும் ஒரு தொடர் இத்துணைத் தீங்குக்கு வழிவகுத்ததென்றால், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போர் அதன் மரபுத்தொடர்களை எவ்வளவு விழிப்போடு அணுகவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மரபுத்தொடர் என்பது யாது? தனித்தனிச் சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்தாற் கிடைக்காத ஒரு பொருளை, வழக்கின் வலிமையால் தன்னிடத்தே கொண்டிருக்கும் சொற்றொடரே மரபுத்தொடராகும். தமிழில் ஒருவன் "கம்பி நீட்டினான்" என்றால் அங்கே கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை. அவன் ஓடிவிட்டான் என்பதே செய்தி. அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடும் அந்நியனுக்கு அது விளங்காது. ஆங்கிலத் தொடர்களை நோக்கும் தமிழ் மாணவனின் நிலையும் அத்தகையதே.

இத்தொடர்களுட் சில, ஒரே கருத்தை இரு நாட்டாரும் தத்தம் ஊர்ப் பொருள்களைக்கொண்டு சொன்னமையால் எழுந்தவை. "நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோதல்" என்பது ஆங்கில வழக்கு. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில், பல நூற்றாண்டுகளாக நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன துறைமுகம். இலண்டன் மாநகரின் அடுப்புகள் எரிந்தது அங்கிருந்து கப்பலேறிய கரியினாலேதான். ஒரு பொருள் மலிந்து கிடக்கும் இடத்துக்கே அப்பொருளைச் சுமந்து செல்லும் வீண்முயற்சியை இத்தொடர் எள்ளி நகையாடுகிறது. தமிழர் இதனையே "கொல்லன் தெருவில் ஊசி விற்பது" என்றனர். அவ்வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கமான எலிங்டன் 2005ஆம் ஆண்டிலே மூடப்பட்டுவிட்டது. கரி போயிற்று, தொடர் மட்டும் நிலைத்து நிற்கிறது. பொருள் மறைந்த பின்னரும் சொல் வாழும் என்பதற்கு இது நல்ல சான்று.

வேறு சில தொடர்கள் வியக்கத்தக்க ஒற்றுமையைக் காட்டுவன. மிகவும் அன்புக்குரியவரை ஆங்கிலேயர் "கண்ணின் அப்பிள்" என்பர். கண்ணுக்கும் பழத்துக்கும் என்ன தொடர்பு என்று மாணவன் திகைப்பான். கண்ணின் நடுவேயுள்ள கரிய வட்டத்தைத் திரண்ட உருண்டை எனக் கருதிய பழைய ஆங்கிலேயர், உருண்டை வடிவுடைய அப்பிளின் பெயரை அதற்கு இட்டு வழங்கினர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த அல்பிரெட் மன்னன் காலத்து எழுத்திலேயே இவ்வழக்கு காணப்படுகிறது. ஆகவே அத்தொடர் குறிப்பது பழத்தையன்று, கண்மணியை. விவிலியத்தில் இக்கருத்து வருமிடத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் "அப்பிள்" என்றனர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் "கண்மணி" என்றனர். மூலமாகிய எபிரேயச் சொல்லோ "சிறு மனிதன்" எனப் பொருள்படுவது. ஒருவர் கண்ணை மற்றொருவர் அருகிருந்து நோக்கினால், அதனுள்ளே தம் உருவம் சிறிதாய்த் தெரியுமன்றோ? இலத்தீன் மொழியிலும் கண்மணியின் பெயர் சிறு பொம்மையைக் குறிக்கும் சொல்லே. தமிழில் "பாவை" என்பது பொம்மைக்கும் பெயர், கண்மணிக்கும் பெயர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகள் இங்கே ஒரே காட்சியைக் கண்டு ஒரே வகையாய்ப் பெயரிட்டிருக்கின்றன.

இனி, நாட்டு வரலாற்றிலே பிறந்த தொடர்கள். ஒரு தாய், கூச்சலிடும் பிள்ளைகளைக் கடுமையாக எச்சரித்தால், அவள் "கலகச் சட்டத்தை வாசித்தாள்" என்பர் ஆங்கிலேயர். இது வெறுங் கற்பனையன்று. 1715ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதி பிரித்தானியாவில் அப்பெயரிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பன்னிருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குழப்பம் விளைவிக்கும் நோக்குடன் கூடினால், நீதவான் அவர்கள் முன் சென்று, சட்டத்தில் விதிக்கப்பட்ட அறிவித்தலை உரக்க வாசிக்கவேண்டும். அதன் பின் ஒரு மணி நேரத்துள் கலையாதோர் மரணதண்டனைக்குரிய குற்றவாளிகளாயினர். இங்கிலாந்தில் அச்சட்டம் 1967ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. உயிரைப் பறித்த சட்டம் ஒழிந்தது. அதன் பெயர் இன்று வீட்டுக்குள்ளே தாயின் அதட்டலாக எஞ்சியுள்ளது.

படித்தவர்களும் பிழையாக வழங்கும் முதுமொழி ஒன்று உண்டு. "விதிவிலக்கு விதியை நிறுவுகிறது" என்பது அது. ஒரு விதிக்கு மாறான சான்று கிடைத்தவுடன், "அதனாலேயே விதி உண்மையாயிற்று" என வாதிடப் பலர் இதனைப் பயன்படுத்துவர். மாறான சான்று விதியைக் குலைக்குமேயன்றி எங்ஙனம் நிறுவும்? இம்முதுமொழி இலத்தீன் மொழியிலமைந்த சட்டக் கோட்பாட்டினின்றும் வந்தது. ஒரு நூல்நிலையத்தின் வாயிலில், "ஞாயிற்றுக்கிழமை மூடப்படும்" என்று எழுதியிருப்பதாகக் கொள்ளலாம். மற்றை நாள்களில் திறந்திருக்கும் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆயினும் விலக்கை எடுத்துக் கூறியமையால், விலக்கப்படாத நாள்களுக்குரிய விதி தானே பெறப்படுகிறது. முதுமொழியின் உண்மைப் பொருள் இதுவே. இதனை அறிந்தவன் போலி வாதத்துக்கு ஏமாறான்.

ஒரே தொடர் இரு நாடுகளில் நேர்மாறான பொருள் தருவதும் உண்டு. கூட்டத்தில் ஒரு விடயத்தை "மேசையில் வைத்தல்" என்றால், பிரித்தானியருக்கு அதனை உடனே ஆராய்தல் என்பது பொருள். அமெரிக்கருக்கு அதனை ஒத்திவைத்தல் என்பது பொருள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் இச்சொல்லின்பொருட்டு நெடுநேரம் வாதாடினர் என்றும், இரு பகுதியாரும் விரும்பியது ஒன்றே என்பது பின்னரே தெரியவந்தது என்றும் வின்ஸ்டன் சேர்ச்சில் தமது போர் வரலாற்றிலே எழுதியிருக்கிறார்.

ஆங்கிலத் தொடர்களுட் சில தமிழுக்குள்ளும் குடிபுகுந்துவிட்டன. பிரித்தானிய அலுவலகங்களில் சட்டப் பத்திரங்களைச் சிவந்த நாடாவினாற் கட்டிவைத்தனர். அதனால், காரியம் நடவாமல் இழுபடும் அலுவலகத் தாமதத்துக்கு அந்நாடாவே பெயராயிற்று. "சிவப்பு நாடா முறை" என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும்போது, நாடாவைக் கண்ணாற் காணாத வாசகனுக்கும் பொருள் விளங்குகிறது. இரவல் வந்த சொல் இவ்வாறு வேரூன்றுமாயின் அதனால் மொழிக்குக் கேடில்லை. ஆனால், தமிழில் ஏற்கெனவே உயிருள்ள தொடர் இருக்க, அதனை விலக்கிவிட்டு நியூகாசிலையும் நிலக்கரியையும் தமிழ் வாக்கியத்தில் ஏற்றுவது பயனற்ற சுமையாகும்.

ஆதலால், மரபுத்தொடரை எதிர்ப்படும் மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விடுத்து, மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதனைச் சொல்பவர் யார்? எந்தச் சூழலிற் சொல்கிறார்? இதே சூழலில் நம்மவர் எவ்வாறு சொல்வர்? ஐயம் தீராதவிடத்து, "தாங்கள் கருதுவது யாது?" என்று மீண்டும் கேட்பதில் இழுக்கில்லை. கேளாமற் பொருள்கொள்வதால் விளையும் கேட்டினும், கேட்பதால் நேரும் நாணம் மிகச் சிறிது.